அத்தா நோன்பை விடமாட்டேன் என்கிறார், என்ன செய்வது டாக்டர்?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். நாங்கள் மண்ணடியில் இருக்கிறோம். என் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) 66 வயது, சர்க்கரை வந்து பதினாறு வருஷம் ஆகிறது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை இரண்டு வேளை, ராத்திரி இன்சுலின். கடைசியாகச் சிறுநீரகத்துக்குச் சோதனை பார்த்தபோது கிரியாட்டினின் 1.6 இருந்தது. போன ரமலானில் ஒருநாள் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்தவருக்குச் சட்டையெல்லாம் நனைய வியர்த்து, கை நடுங்கி, பேச்சும் குழறிவிட்டது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டு "இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே" என்றார். அம்மா அழுத பிறகுதான் குடித்தார். இந்த வருஷமும் முப்பதும் வைப்பேன் என்கிறார். என் தம்பி வேறு, நோன்பு வைத்தால் சர்க்கரையே குணமாகும், புற்றுநோய் செல்லை உடம்பே தின்றுவிடும், இதற்கு ஜப்பான்காரர் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார் என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டுகிறான். இதற்கு நடுவில் ஆபீஸ் தோழி ஒருத்தி, "உங்க நோன்பினால் உண்மையிலேயே என்ன நன்மை? நானும் ஒருநாள் வைத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்கிறாள். அவளுக்குச் சொல்லவும் தெரியவில்லை. அத்தாவைத் தடுத்தால் எனக்குப் பாவமா?

பதில்: வ அலைக்கும் ஸலாம், சகோதரி. நோன்பின் நன்மைகளைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் அந்த 54 என்ற எண்ணைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதை முதலில் பேசிவிடலாம்.

சர்க்கரை நோயாளிகள் ரமலானில் என்ன செய்ய வேண்டும் என்று சர்வதேச அளவில் மருத்துவர்கள் கூடி வகுத்து வைத்திருக்கும் வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் மணி என்ன ஆனாலும் சரி, அந்த நிமிஷமே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்கிறது அது. 300க்கு மேலே ஏறினாலும் அப்படித்தான். உங்கள் அத்தா 54ல் இருந்தார், பேச்சும் குழறியது. பேச்சு குழறுகிறது என்றால் மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரை போகவில்லை என்று அர்த்தம். அடுத்த அரை மணி நேரத்தில் வலிப்பு வந்திருக்கலாம், நினைவு தப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயை இறுக்கிக்கொண்டாரே, அதை முழுக்க ஈமானின் (இறைநம்பிக்கையின்) உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை தாழும்போது மனிதருக்குக் குழப்பம் வரும், காரணமில்லாமல் கோபம் வரும், உதவி செய்ய வருபவரைத் தள்ளிவிடுவார்கள். இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன், நோன்பே வைக்காதவர்களிடமும். அதனால் அந்த நேரத்தில் அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அவர் தெளிவாக இருக்கும்போதே, ரமலானுக்கு முன்பே, எல்லாரும் உட்கார்ந்து பேசி, "70க்குக் கீழே போனால் நான் மறுத்தாலும் கொடுத்துவிடுங்கள்" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

பாவமா என்று கேட்டீர்கள். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, மருத்துவர். ஆனால் இது ஆலிம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இல்லாத இடம். ரமலான் நோன்பைக் கடமையாக்கும் வசனம் அல்பகரா அத்தியாயத்தில் 183வது. அதற்கு அடுத்த வசனத்திலேயே, நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் வைத்துக்கொள்ள அனுமதி வந்துவிடுகிறது, முடியாதவர் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் வழியும் வந்துவிடுகிறது. 185வது வசனம் அந்த அனுமதியை மறுபடி சொல்லி, அல்லாஹ் உங்களுக்கு எளிதானதைத்தான் நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்கிறது. கடமையும் சலுகையும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. முதல் வரியை உயிராக மதிக்கிற உங்கள் அத்தாவிடம் இரண்டாவது வரியையும் அதே மரியாதையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதை நான் சொல்வதைவிட உங்கள் பள்ளிவாசல் இமாம் சொன்னால் சீக்கிரம் ஏறும். என் நோயாளிகள் பலருக்கு நான் சொல்லி ஏறாதது இமாம் சொல்லி ஏறியிருக்கிறது.

சரி, உடம்புக்கு வருவோம்.

நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் ஒருவர் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டை முடித்த முதல் சில மணி நேரம் அந்தச் சாப்பாட்டிலேயே ஓடுகிறது. அதன் பிறகு இன்சுலின் இறங்கி, கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 100 கிராம்தான். மதியம் தாண்டி அது குறையக் குறைய உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்க ஆரம்பிக்கிறது. சென்னையில் நோன்பு நேரம் வருஷத்தின் எந்தப் பருவத்தில் ரமலான் வந்தாலும் 13 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும், கோடையில் 14ஐக் கொஞ்சம் தாண்டும். வட ஐரோப்பாவில் கோடை ரமலானில் 18, 19 மணி நேரம் வைப்பவர்களை நினைத்துப் பார்த்தால் நமக்கு இது பெரிய அருள்தான். ஆரோக்கியமான உடம்பு இந்த 13 மணி நேரத்தை எந்தப் பாதிப்பும் இல்லாமல் தாங்கும். தாங்குவதோடு நன்மையும் அடையும்.

என்ன நன்மை? ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ரமலான் முடியும்போது எடை சராசரியாக ஒன்று, ஒன்றரை கிலோ குறைகிறது, அதுவும் ஏற்கெனவே பருமனாக இருப்பவர்களுக்குத்தான் தெளிவாகத் தெரிகிறது. லண்டன் பள்ளிவாசல்களில் நோன்பு வைப்பவர்களை ரமலானுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்து 2021ல் வெளியான ஆய்வு ஒன்றில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏழு அளவுக்கும் கீழ் எண் மூன்று அளவுக்கும் குறைந்திருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு நான் இந்த மாதத்தை விடவே மாட்டேன். தினமும் 13 மணி நேரம் சிகரெட் இல்லாமல் இருக்க முடிகிற ஒருவரால் மீதி 11 மணி நேரமும் இருக்க முடியும், அதில் பாதி தூக்கம்தானே. நிகோட்டின் ஏக்கம் மிக மோசமாக இருப்பது முதல் இரண்டு மூன்று நாட்கள்தான். பேரீச்சம்பழத்தை மென்றுவிட்டு நேராகப் பள்ளி வாசலுக்கு வெளியே போய்ப் பற்றவைப்பதை மட்டும் நிறுத்திவிட்டால் பெருநாளுக்குள் பழக்கமே போய்விட வாய்ப்பு இருக்கிறது. அப்படி விட்டவர்கள் என்னிடம் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைத் திறந்து சொல்லிவிடுகிறேன். குறைந்த எடை பெரும்பாலானவர்களுக்குப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறது. பலருக்குக் குறைவதே இல்லை, ஏறிவிடுகிறது. காரணம் நோன்பு இல்லை, சூரியன் மறைந்து மக்ரிபுக்குப் பிறகு நாம் செய்வதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்ணடிப் பக்கமோ திருவல்லிக்கேணி பக்கமோ நடந்து பாருங்கள், சமோசாவும் பஜ்ஜியும் கட்லெட்டும் வாடாவும் ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிந்துகொண்டிருக்கும். அதன் மேல் சிவப்பாக ஒரு சர்பத், கடல்பாசி, இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து ஒரு பரோட்டா, நடுராத்திரி சஹர் பிரியாணி. அந்தப் பிரியாணியைப் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு சஹருக்கு எழாமல் தூங்கிவிடுகிற பையன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 13 மணி நேர நோன்பு 18 மணி நேரமாகிவிடுகிறது, தண்ணீரும் இல்லாமல். மதியம் தலைவலியோடு என்னிடம் வருவது அவர்கள்தான். சஹரைக் கடைசி நேரத்துக்குத் தள்ளிச் சாப்பிடுவது நபி வழி. அவர்கள் சஹர் முடித்ததற்கும் ஃபஜ்ர் தொழுகைக்கும் இடையில் ஐம்பது வசனம் ஓதும் நேரம்தான் இருந்தது என்று நபிமொழித் தொகுப்பான புகாரியில் வருகிறது. மருத்துவமும் அதையேதான் சொல்லும். பருப்பு, முட்டை, கீரை, மோர், கொஞ்சமாகச் சோறோ சப்பாத்தியோ, அதுவும் பாங்குக்கு அரை மணி முன்னால். டீ குடித்துப் பழகியவர்கள் ரமலான் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு கப்பாகக் குறைத்துவிட்டால் முதல் மூன்று நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி வராது.

நோன்புக் கஞ்சியைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, கொஞ்சம் கறி, தேங்காய்ப்பால், புதினா மல்லி. நாள் பூராக் காய்ந்து கிடந்த உடம்புக்குத் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து, புரதம் எல்லாம் ஒரே கிண்ணத்தில், வயிற்றுக்கும் இதமாக. பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு, தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி, அப்புறம் எழுந்து போய் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து மீதிச் சாப்பாடு. அந்த இடைவெளியிலேயே பாதிப் பசி அடங்கியிருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கஞ்சி என்பதால் எவ்வளவும் குடிக்கலாம் என்பதில்லை, அதுவும் அரிசிதான். சின்னக் கிண்ணம் போதும்.

இப்போது உங்கள் தம்பியின் ஃபார்வர்டு. ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றது உண்மை. செல் தனக்குள் இருக்கும் பழுதான பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது அல்லவா, அந்த வேலை எப்படி நடக்கிறது, எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்று கண்டுபிடித்ததற்காக. அவர் அதைக் கண்டுபிடித்தது ஈஸ்டில், பட்டினி போட்ட ஈஸ்டில். ரமலான் நோன்பு வைத்த மனிதர்களை வைத்து அவர் அந்த ஆய்வைச் செய்யவில்லை, நோன்பு புற்றுநோயைத் தின்னும் என்றும் அவர் சொல்லவில்லை. சொல்லப்போனால் சில கட்டிகளில் புற்றுநோய் செல்களே இந்த வித்தையைப் பயன்படுத்திப் பட்டினியைத் தாண்டிப் பிழைத்துக்கொள்கின்றன. "உடம்பில் உள்ள நச்சு எல்லாம் வெளியேறும்" என்று இன்னொன்று சுற்றுகிறது. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஷஃபான், ஷவ்வால் என்று மாதம் பார்க்காமல் வருஷம் பூராவும் செய்கின்றன. இந்தச் செய்திகளை அனுப்புகிறவர்கள் மார்க்கத்தின் மேல் உள்ள பிரியத்தில்தான் அனுப்புகிறார்கள், எனக்கு அது புரிகிறது. ஆனால் நோன்பின் பெருமை ஒரு ஆய்வுக்கூடத்தில் போய்ச் சாட்சி தேட வேண்டிய நிலையில் இல்லை. அதோடு, இதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது?

சர்க்கரை குணமாகும் என்பதற்கு இதைத் தம்பியிடம் காட்டுங்கள். 2001ல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உங்கள் அத்தாவுக்கு இருப்பது போன்ற இரண்டாம் வகை நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேர் குறைந்தது பதினைந்து நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்வது மற்ற மாதங்களைவிட ரமலானில் அவர்களுக்கு ஏழரை மடங்கு அதிகமாக இருந்தது. அத்தா சாப்பிடும் கிளிமிபிரைடு, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். ராத்திரி போடும் இன்சுலின் வேறு மறுநாள் மதியத்துக்கு மேலும் வேலை செய்துகொண்டிருக்கும். சிறுநீரகம் தளர்ந்திருப்பதால் இரண்டுமே உடம்பை விட்டுப் போகத் தாமதமாகும். போன வருஷம் அஸருக்குப் பிறகு நடந்தது இதன் கூட்டு விளைவாகத்தான் இருக்கும்.

அதற்காகச் சர்க்கரை உள்ளவர்கள் யாருமே நோன்பு வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெறும் மெட்ஃபார்மினில், சர்க்கரை கட்டுக்குள், சிறுநீரகம் நன்றாக இருக்கிற எத்தனையோ பேர் வேளையை மட்டும் மாற்றிக்கொண்டு முப்பதும் வைக்கிறார்கள். அந்த வழிகாட்டுதலில் நோயின் வயது, மருந்து, சிறுநீரகம், இதயம், சர்க்கரை தாழ்ந்த அனுபவம், செய்யும் வேலை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டினால் மூன்று வரை வருபவர்களுக்குச் சிரமம் குறைவு, ஆறைத் தாண்டினால் வைக்க வேண்டாம் என்பதே ஆலோசனை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அத்தா ஆறைத் தாண்டுவார் என்றே எனக்குப் படுகிறது. நேரில் பார்க்கும் டாக்டர் போட்டுச் சொல்லட்டும். ரமலானுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னாலேயே போங்கள், முதல் பிறை பார்த்த பிறகு ஓடாதீர்கள். மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப் போடுகிறார் என்று பார்த்துப் போடவும் வேண்டாம். இன்னொன்று, விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியும் என்று பலர் பகலில் பார்ப்பதே இல்லை. முறியாது. இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதுதான் பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள், பயந்து பார்க்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

உடம்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் நோன்பை உடம்புக்காக வைப்பதில்லை. உடம்புக்குக் கிடைப்பது வழியில் கிடைப்பது. அந்த 183வது வசனம் நோன்பின் நோக்கமாகச் சொல்வது இறையச்சத்தை, எடைக் குறைப்பை அல்ல. இதை உங்கள் தோழியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மதியம் லுஹர் தொழுகைக்காக முகம் கைகால் கழுவி ஒளு செய்கிற நேரத்தைச் சொல்லுங்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். குழாயைத் திறந்து கையில் தண்ணீர் ஏந்தி வாய் கொப்பளிக்கிறோம். குளிர்ந்த தண்ணீர் வாய்க்குள் இருக்கிறது, ஒரு மடக்கு உள்ளே போனால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. துப்பிவிடுகிறோம். கண்காணிப்பவர் இல்லை, சம்பளம் பிடிப்பவர் இல்லை, பத்து வயதுப் பிள்ளைகூடத் துப்பிவிடுகிறது. தொழுதால் நாலு பேர் பார்ப்பார்கள், தர்மம் செய்தால் வாங்கியவராவது அறிவார். நோன்பு மட்டும் வைப்பவருக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில். நோன்பு எனக்குரியது, நானே அதற்குக் கூலி தருகிறேன் என்று அல்லாஹ் சொல்வதாக வரும் ஹதீஸை சின்ன வயதில் மதரஸாவில் மனப்பாடமாகத்தான் ஒப்பித்தோம், அதன் கனம் வயது ஏற ஏறத்தான் தெரிகிறது. ஆகுமான தண்ணீரையே விட முடிந்தவனுக்கு ஆகாத காசை விட முடியாதா, கோபத்தை விட முடியாதா? பொய்யையும் பொய்யான நடத்தையையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். யாராவது வம்புக்கு வந்தால் நான் நோன்பாளி என்று சொல்லிவிட்டு ஒதுங்கவும் சொல்லியிருக்கிறார்கள். ஜாபர்கான்பேட்டை சிக்னலில் சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டு, வீட்டில் பேரீச்சம்பழம் காத்திருக்க, பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடிக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது பட்டினியைவிடக் கஷ்டம். நோன்பின் பயிற்சியே அங்கேதான்.

இந்த ஆன்மிகப் பக்கத்தில் உங்கள் அத்தாவுக்கு எதுவும் மூடப்படவில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குர்ஆன் ஓதலாம், தராவீஹ் தொழலாம், கடைசிப் பத்தில் இரவு விழிக்கலாம், முடிந்தால் பள்ளிவாசலில் தங்கி வணங்கும் இஃதிகாஃபைப் பற்றி இமாமிடம் கேட்கலாம். நோயால் நோன்பை விட்டவர் ரமலானை விட்டவர் ஆகிவிடமாட்டார். பல வீடுகளில் நோன்பு வைக்க முடியாத பெரியவர்கள் ஏதோ குற்றம் செய்தவர்கள் போல அடுப்படியில் ஒளிந்து மாத்திரை போடுவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். அப்படி ஒளிய வைப்பது நாம்தான். "என்ன பாய், நோன்பு இல்லையா?" என்று பள்ளி வாசலில் நின்று கேட்கிறோமே, அந்தக் கேள்வி கேட்டவருக்கு ஒரு நிமிஷப் பேச்சு, கேட்கப்பட்டவருக்கு அடுத்த நாள் 54. உங்கள் அத்தா முப்பதும் வைப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதற்குப் பின்னால் இந்தக் கேள்வியின் பயம் இருக்கிறதா என்று மெதுவாகப் பேசிப் பாருங்கள். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சமூகப் பக்கத்தைப் பற்றி மண்ணடியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தோழிக்காகச் சொல்கிறேன். அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு பிள்ளைகள் பள்ளிவாசலுக்கு வரிசையாகப் போவதையும், உள்ளே பாயில் பர்மா பஜாரில் கடை வைத்திருப்பவரும் துறைமுகத்தில் சுமை தூக்குபவரும் முட்டி உரச உட்கார்ந்து ஒரே கஞ்சிக்குக் காத்திருப்பதையும் ஒருநாள் அவளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அந்தக் கஞ்சிக்கு மதம் பார்த்து ஊற்றுவதில்லை, பக்கத்துத் தெரு வீடுகளிலிருந்தும் பாத்திரம் வரும். 2001லிருந்து தமிழ்நாடு அரசு நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுத்துவருகிறது. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ரமலானில் நோன்பாளிகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து, தலையில் தொப்பியோடு தாங்களே பரிமாறிவருகிறார்கள். பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்தவர் ஒருவர் தொடங்கிவைத்தது அது. எங்கள் நோன்பினால் என்ன நன்மை என்று கேட்பவருக்கு என்னால் இதைவிட நல்ல பதில் கொடுக்க முடியாது.

பசியைப் பற்றிப் படித்திருப்பது வேறு, நாலு மணிக்கு வயிறு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. ஜகாத் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆனாலும் நம் மக்களில் பெரும்பாலோர் நூற்றுக்கு இரண்டரையைக் கணக்குப் பார்த்து எடுத்து வைப்பது இந்த மாதத்தில்தான். பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்கான ஃபித்ரா தர்மத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி இருப்பதும் அன்றைக்கு ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். 2020 ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்த ரமலானில் எல்லாரும் வீட்டிலேயே நோன்பு வைத்தோம், வைத்தது அதே நோன்புதான், ஆனால் ஏதோ பாதி குறைந்துபோனது போல இருந்ததே, அந்தப் பாதியைத்தான் சொல்கிறேன்.

இந்தப் பாதியில் உங்கள் அத்தாவுக்கு முழு இடம் இருக்கிறது. குணமாகும் வாய்ப்பு இல்லாத நீண்ட நோய்க்காரர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும், ஃபித்யா. அளவை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பணமாகக் கொடுத்துவிட்டு முடித்துவிடாமல், முடிந்தால் அவர் கையாலேயே அந்தச் சாப்பாடு போகட்டும். பள்ளியில் கஞ்சி ஊற்றுகிற இடத்தில், பேரீச்சம்பழத் தட்டு சுற்றுகிற இடத்தில் அவர் நிற்கட்டும். நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பவருக்கு அந்த நோன்பாளிக்குக் கிடைக்கும் அதே கூலி கிடைக்கும், நோன்பாளியின் கூலியில் குறையாது என்று ஹதீஸில் இருக்கிறது. சும்மா உட்காரச் சொன்னால் கேட்கமாட்டார். இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். டாக்டர் பார்த்துவிட்டு, மருந்தை மாற்றி, சில நாட்கள் மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னால் அப்படியே செய்யலாம். ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் இன்னும் சில வருஷங்களுக்கு வெயிலை விட்டு ஜனவரி, டிசம்பர் பக்கம்தான் வரும், 2030ல் இரண்டு ரமலானே வரும். வெயில் குறைந்த காலம் உதவும்தான், ஆனால் அவருடைய சிறுநீரகத்துக்கும் கிளிமிபிரைடுக்கும் மாதம் தெரியாது.

உங்கள் தோழிக்கு: ஆரோக்கியமாக இருந்தால் தாராளமாக ஒருநாள் உங்களோடு வைக்கட்டும். நம் ஊரில் ஏகாதசியும் சஷ்டியும் தவக்காலமும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பசியோடு ஒரு நாளைக் கழிப்பது புதிதில்லை, தண்ணீர் இல்லாததுதான் புதிதாக இருக்கும். முந்தைய இரவு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சஹரைத் தவறவிடாமல், சனி ஞாயிறில் வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால், பால் கொடுத்தால், அல்சர் இருந்தால், சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிட்டால் முதலில் அவருடைய டாக்டரைக் கேட்கட்டும். எடை குறைய வேண்டும் என்பது மட்டும் ஆசையென்றால் இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன, அதைத் தனியாக எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

அத்தாவை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, இன்சுலின் பேனா, வீட்டு மீட்டர் நான்கையும் எடுத்துப் போங்கள். போன வருஷம் 54 வந்ததை அவர் சொல்லமாட்டார், நீங்கள் சொல்லுங்கள். தம்பியையும் கூட்டிப் போய் டாக்டர் சொல்வதைக் காதால் கேட்க வையுங்கள், ஏனென்றால் அத்தா அவன் பேச்சைக் கேட்கிறார், அது நமக்கு உதவும். ரமலானில் காலை பத்து மணிக்கும் அஸருக்குப் பிறகும் விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையை அவனிடமே ஒப்படைத்துவிடுங்கள்.